ஊரும் தொகையும்: அந்தியூர் வட்டாரச் சிற்றூர்களின் மக்கள் அமைப்பு

முன்னுரை

ஊர் என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. மக்கள் கூடி வாழும் இடத்தையும் அவ்விடத்தில் வாழும் மக்களையும் அஃது ஒருங்கே குறிக்கும். 'ஊர் கூடித் தேர் இழுத்தது' என்று கூறுங்கால் நாம் மண்ணையும் மனையையும் எண்ணுவதில்லை, மனிதரையே எண்ணுகின்றோம். தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்துரைத்தபோதும் அந்தந்த நிலத்து மக்களையும் அவர்தம் தொழிலையும் சேர்த்தே கூறினார்.

இன்று ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணையை ஆகும். குடும்பங்கள், ஆண்கள், பெண்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் என்னும் தலைப்புகளின்கீழ் ஓர் ஊரின் வாழ்வு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றது. அவ்வரி எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது என்பதை ஈரோடு மாவட்டத்து அந்தியூர் வட்டாரச் சிற்றூர்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கம் நூல்களினின்று மட்டும் நமக்குத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்ற மலையூர் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்த பின்னர்த் தயங்கி நின்று ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, சேலம் மாவட்டத்தில் இருக்கும் என் மாமன் மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறது. எனக்குக் கிடையாது என்கிறார்கள். நானும் அவனும் வேறு வேறு இனமா?" என்பதே அவ்வினா. அன்று நம்மிடம் தெளிவான விடை இல்லை. அவ்விடையைத் தேடிச் சென்ற வழியே இக்கட்டுரை.

கிராமம், ஊராட்சி, ஊர்

வழக்கில் நாம் இம்மூன்று சொற்களையும் ஒரு பொருளனவாகவே ஆளுகின்றோம். ஆயின், அரசின் கணக்கில் இவை வேறு வேறானவை. கணக்கெடுப்பில் வரும் 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். நிலவரி வாங்குவதற்காக எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு அது. 'ஊராட்சி' என்பது தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சி அலகு. 'ஊர்' என்பதோ மக்கள் தம் வாயால் 'எங்கள் ஊர்' என்று கூறும் குடியிருப்பு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் ஏறத்தாழ 16,000 வருவாய்க் கிராமங்களும் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் இருந்தன. மக்கள் 'ஊர்' என்று வழங்கும் குடியிருப்புகளோ இவற்றினும் பன்மடங்கு மிகுதியானவை.

கொங்கு நாட்டில் இவ்வேறுபாடு இன்னும் ஆழமானது. தஞ்சை மண்டலத்து ஊர்கள் ஆற்றங்கரையில் தெருத்தெருவாகத் திரண்டு நிற்பன. கொங்குச் சிற்றூர்களோ சிதறிக் கிடப்பன. மழை குறைந்த இந்நிலத்தில் வேளாண்மை பெரிதும் கிணற்றை நம்பியே நடந்தது. கிணறு இருக்கும் தோட்டத்திலேயே குடியானவர் சாளை அமைத்துக் குடியிருந்தார். ஆகவே ஒரு கிராமம் என்பது, மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்த நடுவூர், அதனைச் சுற்றிப் பாளையம், புதூர், காட்டூர் எனப் பெயர் பெறும் குடியிருப்புகள், தனித்தனித் தோட்டத்து வீடுகள், ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டு இன்று 'காலனி' என வழங்கும் பகுதி ஆகிய அனைத்தின் தொகுதியாக விளங்குகின்றது. அட்டவணையில் இவை யாவும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. தோட்டத்துக் குடும்பத்தின் எழுத்தறிவும் காலனிக் குடும்பத்தின் எழுத்தறிவும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரியாக வெளிவருகின்றன. அச்சராசரி இரு சாராரில் எவருடைய நிலையையும் காட்டுவதில்லை.

சாதிக் கணக்கின் வரலாறு

சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டில் மக்கள்தொகை எண்ணப்பட்டது. இந்தியா முழுவதற்கும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881-இல் தொடங்கியது. அதுமுதல் 1931 வரை ஒவ்வொரு சாதியின் தொகையும் எடுத்து வெளியிடப்பட்டது. விடுதலைக்குப் பின் நிகழ்ந்த 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதலாகப் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் ஆகிய இரு பிரிவினரின் எண்ணிக்கை மட்டுமே வெளியிடப்பட்டு வருகின்றது. 2011-ஆம் ஆண்டையொட்டித் தனியே நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதித் தொகைகள் வெளியிடப்படவில்லை.

2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்புத் தள்ளிப்போயிற்று. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு முடிவெடுத்தது. அவ்வாண்டு ஜூன் மாத அறிவிக்கை 2027 மார்ச் 1-ஐக் கணக்கெடுப்பின் குறிப்பு நாளாக நாட்டின் பெரும்பகுதிக்கு வகுத்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை வெளியிடப்படாத ஒரு வினா மீண்டும் நம் வீட்டு வாயிலில் எழுப்பப்பட இருக்கின்றது. ஆதலின், சிற்றூரின் மக்கள் அமைப்பைப் பற்றி அறிவது இன்று வெறும் ஏட்டுக் கல்வியாகாது.

சமவெளிச் சிற்றூர்

அந்தியூர், பவானிக்கு வடக்கே, பர்கூர் மலையின் அடிவாரத்தில் அமைந்த சந்தையூர். மலையிலிருந்து இறங்கும் பொருளும் சமவெளியில் விளையும் பொருளும் இங்கே கைமாறும். வெற்றிலையும் கால்நடையும் இவ்வூர்ச் சந்தைக்குப் பெயர் தந்தவை. முன்பு பவானி வட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி பின்னர்த் தனி வட்டமாயிற்று.

அந்தியூரைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில் பல்வேறு குடிகள் கலந்து வாழ்கின்றன. நிலமுடைய கொங்கு வேளாளக் கவுண்டர், வேட்டுவக் கவுண்டர், வன்னியர், பனையும் வணிகமும் சார்ந்த நாடார், தறி நெய்யும் செங்குந்தர், தேவாங்கர், கைவினை புரியும் ஆசாரி, குயவர், ஊர்ப்பணி செய்து வந்த நாவிதர், வண்ணார், பண்டாரம், உழவுக் கூலிகளாகவும் தோல் தொழிலாளராகவும் ஒடுக்கப்பட்டிருந்த அருந்ததியர் எனப் பட்டியல் நீளும். எல்லாக் குடிகளும் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஒரு குடி பெரும்பான்மையாகவும் ஏனையவை சிலவும் பலவுமான வீடுகளாகவும் இருப்பதே இயல்பு.

மொழியிலும் இக்கலப்பு உண்டு. தேவாங்கர் வீட்டில் கன்னடமும், அருந்ததியர் வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ, சில முஸ்லிம் வீடுகளில் தக்கணி உருதுவும் பேசப்படுவதைக் காணலாம். தெருவில் இறங்கினால் அனைவருக்கும் கொங்குத் தமிழே பொதுமொழி. இப்பகுதி மைசூர் அரசின்கீழ் நெடுங்காலம் இருந்து, 1799-இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னரே ஆங்கிலேயர் கைக்குச் சென்றது என்பதை நினைவிற்கொண்டால் இம்மொழிக் கலப்பின் ஒரு காரணம் விளங்கும்.

குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல் ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெயராயிற்று. அந்தியூர்ப் புதுப்பாளையத்துக் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை இன்றும் புகழ் பெற்றது. திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்பது இவ்வட்டாரத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி. கோயில் திருவிழாவும் முஸ்லிம் வணிகரும் ஒரே களத்தில் சந்திக்கும் இக்காட்சி, சிற்றூர் வாழ்வில் குடிகள் ஒன்றையொன்று சார்ந்து நின்றமைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இச்சார்பு என்றும் இனிமையானதாக இருந்ததன்று என்பதையும் கூற வேண்டும். பண்ணயாள் முறையும், தனிக் கிணறும், தனிக் குவளையும் இம்மண்ணின் வரலாற்றில் உள்ளவை. 1960-களில் காங்கயம் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்ந்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார், 1972-இல் வெளியிட்ட தம் நூலில், கொங்குக் குடிகள் வலங்கை, இடங்கை எனப் பிரிந்து நின்ற பாங்கை விரிவாக ஆராய்ந்தார். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட 'நாகம்மாள்' புதினம், நிலத்தையும் குடும்பத்தையும் சுற்றிச் சுழலும் கொங்குச் சிற்றூர் வாழ்வை இலக்கியமாக்கியது. அட்டவணை தராத செய்திகளை இத்தகைய நூல்களே தருகின்றன.

இனி, மேற்கூறிய குடிகளுள் எத்தனை அந்த ஒற்றை வரியில் தெரியும்? அருந்ததியரும் பறையரும் 'பட்டியல் சாதியினர்' என ஒரே தொகையில் அடங்குவர். அருந்ததியருக்குத் தமிழக அரசு 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. எனினும் ஊர் வரியில் அவர்களைத் தனியே காண இயலாது. அருந்ததியர் ஒருவர் கிறித்தவ சமயம் தழுவினால் அப்பட்டியல் எண்ணிக்கையினின்றே நீங்கிவிடுவார். சட்டம் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரையே பட்டியல் சாதியினராகக் கொள்கின்றது. சமயமும் தாய்மொழியும் ஊர்வாரியான அந்த அட்டவணையில் இடம்பெறுவதில்லை. 2011-இல் சமயவாரித் தொகை வட்டம், நகரம் என்னும் அளவிலேயே வெளியாயிற்று. ஆகவே ஒரு சிற்றூரில் பத்து முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும், அவ்வூரின் வரியைப் படிப்போர் அவர்கள் அங்கிருப்பதை அறியார். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-இல் வழங்கப்பட்ட 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு சிற்றூர் வரை சென்று சேர்ந்ததா என்று ஆராய முற்படுவோர் முதலில் முட்டி நிற்பது இவ்விடத்திலேதான்.

எண்ணிக்கை அரசியல் உரிமையாக மாறுவதற்கும் அந்தியூரே சான்று. 2006-ஆம் ஆண்டுத் தேர்தல் வரை அந்தியூர்ச் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்குரிய தனித்தொகுதியாக இருந்தது. 2001-ஆம் ஆண்டுத் தொகையை அடிப்படையாகக் கொண்ட தொகுதி மறுவரையறைக்குப்பின், 2011-ஆம் ஆண்டுத் தேர்தலில் அது பொதுத்தொகுதியாயிற்று. ஊராட்சித் தலைவர் பதவிகளின் இட ஒதுக்கீடும் இத்தொகையை வைத்தே வகுக்கப்படுகின்றது.

மலைமேல் ஓர் ஊர்

அந்தியூரிலிருந்து வடக்கே மலைப்பாதையில் ஏறினால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் பர்கூர் உள்ளது. கிருட்டிணகிரி மாவட்டத்துப் பர்கூர் வேறு, இது வேறு. இச்சாலை மேலும் சென்று கருநாடகத்துக் கொள்ளேகாலத்தை அடைகின்றது. கொள்ளேகாலம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநில எல்லை வகுக்கப்படுமுன் இவ்விரு பகுதி மக்களும் ஒரே மாவட்டத்தார். மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழிபாட்டு உறவு எல்லையைக் கடந்து இன்றும் நீடிக்கின்றது.

பர்கூர் ஊராட்சி ஓர் ஊரன்று. தாமரைக்கரை, தேவர்மலை, தட்டக்கரை முதலாக முப்பதுக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகள் காட்டினிடையே பரவிக் கிடக்கின்றன. இங்கு வாழ்வோரை மூன்று பெரும் பிரிவினராகக் கொள்ளலாம்.

முதலாமவர் கன்னடம் பேசும் இலிங்காயத்தார். செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாட்டினத்தைப் பேணி வளர்த்தோருள் முதன்மையானவர் இவர்களே. காட்டினுள் பட்டி அமைத்து மாடுகளை அடைத்து மேய்க்கும் இவர்தம் வாழ்வைக் காணுங்கால், நூலில் நாம் பயிற்றும் முல்லைத்திணை கண்முன் நிற்பதாகத் தோன்றும். குருநாதசாமி கோயில் சந்தைக்கு இம்மாடுகள் இறங்கி வருவது வழக்கம்.

இரண்டாமவர் சோளகர். காட்டின் தொல்குடிகளாகிய இவர்கள் சத்தியமங்கலம், பர்கூர், மாதேசுவரன் மலை, பிலிகிரிரங்கன் மலை எனத் தொடர்ந்த காடுகளில் வாழ்பவர்கள். தேன், நெல்லிக்காய், சீமார்ப்புல் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டலும், இராகி விளைத்தலும் இவர்தம் பழந்தொழில். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) என்னும் புதினத்தின்வழி இம்மக்களின் துயரைத் தமிழ் வாசகர் அறிந்தனர். சோளகர் பட்டியல் பழங்குடியினர் ஆவர்.

மூன்றாமவர் தமிழ் பேசும் மலையாளி மக்கள். 'மலையை ஆள்பவர்' என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரளத்தார்க்கும் தொடர்பில்லை. காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று உடன்பிறந்தார் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது இம்மக்களிடையே வழங்கும் தோற்றக் கதை. நம் மாணவர் இக்குடியைச் சேர்ந்தவர்.

ஒரே மக்கள், இரு கணக்கு

பட்டியல் பழங்குடியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் பிறந்தது; 1976-இல் திருத்தம் பெற்றது. அதன்படி தமிழகத்தில் மலையாளி மக்கள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் பழங்குடியினர் ஆவர். இப்பட்டியலில் கோயமுத்தூர் இல்லை. பர்கூர் மலை அன்று கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-இல் அதனின்று பெரியார் மாவட்டம் பிரிந்து பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றபோதும் விடுபட்டது விடுபட்டதாகவே நின்றது. சேலத்திலிருந்து 1997-இல் நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலை மலையாளிகள் தம் உரிமையை இழக்கவில்லை. அவர்கள் பழைய சேலத்தார். பர்கூர் மலையாளிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மாணவரின் வினாவுக்கு விடை இதுவே. இனம் ஒன்று, மொழி ஒன்று, கொண்டு கொடுக்கும் உறவும் ஒன்று. இடையே ஓடுவது மாவட்ட எல்லைக் கோடு மட்டுமே. பட்டியலில் சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைப் பழங்குடியினராக்கிய 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திலும் ஈரோடு மாவட்ட மலையாளிகள் இடம்பெறவில்லை.

இதன் விளைவு சான்றிதழோடு நிற்பதன்று. கணக்கெடுப்பில் பர்கூர் மலையின் பழங்குடித் தொகை உண்மையினும் குறைந்து தோன்றுகின்றது. 2011-இல் ஈரோடு மாவட்ட மக்கள்தொகை 22,51,744. அதில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. தொகை குறைந்தால் அதனையொட்டி வரும் பள்ளியும் விடுதியும் திட்டமும் குறையும்.

நில உரிமையிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து வந்ததைக் காட்டினால் போதும். ஏனையோர் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழும் சோளகருக்கு ஓர் அளவுகோல். மலையாளிக்கும் இலிங்காயத்தாருக்கும் வேறோர் அளவுகோல். பட்டாவும் பத்திரமும் அறியாத பாட்டனார் காலத்து வாழ்வுக்கு ஏட்டுச் சான்று தேடுவது எத்துணை அரிது என்பதைப் பெரியோர் அறிவர்.

அந்தியூர், கோபிச்செட்டிப்பாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 80,000 எக்டேர் பரப்புள்ள காடு, 2024-இல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. காட்டு உயிர்களைக் காப்பது வேண்டற்பாலதே. அதே வேளையில், பட்டியையே வாழ்வாகக் கொண்டோர் யாவர், அவர் எத்தனை பேர், எத்தனை தலைமுறையாக அங்கு வாழ்பவர் என்னும் கணக்கு செவ்வையாக இருந்தால்தான் அவர்தம் உரிமையும் காக்கப்படும்.

கணக்கெடுக்கும் நாளில் ஊரில் இல்லாதோர்

2011-இல் வீடு வீடாகச் சென்று எண்ணும் பணி பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. மலைக்குடும்பங்கள் பல, பயிரற்ற காலத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கற் சூளைக்கும் பிள்ளைகளுடன் இறங்கிவிடுவது வழக்கம். கரும்பு அரவைக் காலமும் கணக்கெடுப்புக் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அக்காலம் முழுவதும் ஊரில் இல்லாதோர் தங்கியுள்ள இடத்திலேயே எண்ணப்படல் வேண்டும் என்பது விதி. கரும்புக்காட்டுக் குடிசை வரை எண்ணுவோர் சென்றால் அவர்கள் வேறோர் ஊரின் தொகையில் சேர்வர்; செல்லாவிடின் எவ்வூரின் தொகையிலும் சேரார்.

சமவெளியிலோ நிலைமை எதிர்மாறானது. பிள்ளைகள் ஒருவர், இருவர் என்று குறைந்து, படித்தோர் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்றுவிட, தோட்டத்து வீடுகளில் ஆத்தாளும் அப்பாருமே எஞ்சியிருக்கின்றனர். ஆலைகளிலும் சூளைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவர் வந்து உழைக்கின்றனர். அடுத்த கணக்கெடுப்பில் இச்சிற்றூர்களின் தாய்மொழிப் பட்டியலில் இந்தியும் ஒடியாவும் சேரக்கூடும்.

முடிவுரை

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கொண்டே அவர்களுக்கு அறிமுகமான ஊர்களை ஆராயச் செய்து, 1918-இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவற்றுள் சில ஊர்கள் 1930-களில் மீண்டும் ஆராயப்பட்டன. ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை அளக்க அம்மாணவர் குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. நம் மாணவரும் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லுங்கால் இதனைச் செய்யலாம். வளவு வளவாக எத்தனை வீடுகள், வீட்டில் என்ன மொழி, நிலம் எவரிடம், கிணறு எவரிடம், வெளியூர் சென்றோர் எவர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். இலக்கியம் பயில்வோர்க்கு அதுவும் இலக்கியப் பயிற்சியே.

கணக்கெடுக்கும் பணியில் பெரும்பாலும் ஈடுபடுவோர் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுள் பலர் நம் கல்லூரிகளில் பயின்றோர். ஊருக்குப் புறத்தே உள்ள காலனிக்கும், மலையுச்சித் தொட்டிக்கும், கரும்புக்காட்டுக் குடிசைக்கும் நடந்து சென்று எண்ணுவது அவர்தம் கடமை. சமூகப் பெரியோர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. வீட்டில் பேசும் மொழியையும், தம் குடிப்பெயரையும், வெளியூர் சென்ற உறவினர் விவரத்தையும் கூசாமலும் மறைக்காமலும் கூறுமாறு ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

வினா எழுப்பிய மாணவர் இன்று ஒரு தனியார் பள்ளியில் தமிழ் பயிற்றுகின்றார். சான்றிதழ் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அவர் வீட்டு வாயிலிலும் கணக்கெடுப்போர் வந்து நிற்பர். அன்று அவர் கூறும் பெயர் உள்ளது உள்ளவாறே ஏட்டில் ஏறுமாயின், அவர்தம் பிள்ளைகளேனும் இவ்வினாவை மீண்டும் எழுப்ப வேண்டிய நிலை வாராது என நம்புவோம்.